விண்டோஸ் 10 முடிந்தது, அடுத்து எது? வேலூர் வீட்டுக் கணினிகளுக்கு ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாளும் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தொரப்பாடியிலும் அவை வழக்கம்போல ஆன் ஆகி ஓடின. ஆனாலும் திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டதுதான் பலருடைய கேள்வியும்: "நல்லாத்தானே ஓடினு இருந்துச்சு, இப்போ இன்னாவாம்? புதுசு வாங்கணுமாப்பா?"

பெரும்பாலான வீடுகளில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வாங்காமல் என்ன செய்வது என்பதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன, எல்லா வழியும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. "எந்த ஓ.எஸ். (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) நல்லது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "எங்கள் வீட்டில் எந்த வேலையை, எந்தக் கருவியை விடவே முடியாது?" என்று கேட்டுப் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

மாற்றும் எண்ணம் எங்கிருந்து வருகிறது

ஆதரவு நிற்பது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்பது. மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி ராத்திரியில், மைக்ரோசாஃப்ட் அவற்றை வெளியிடும். அது ஏன் முக்கியம் என்பதற்கு 2017இல் நடந்ததே போதும். அந்த வருடம் மார்ச் மாதமே விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வந்துவிட்டது. மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள், தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இனி விண்டோஸ் 10இல் சும்மா இருந்துவிட்டால் எல்லோருமே தள்ளிப்போட்டவர்கள்தான். நெட் பேங்கிங் பார்க்கிற கணினியில் அந்த ஆபத்து வேண்டாம்.

அப்படியானால் விண்டோஸ் 11க்குப் போய்விடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, கணினி தொடங்கும்போதே போலி மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றைக் கேட்கிறது. இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். பிராசஸர் பட்டியல்தான் கழுத்தைப் பிடிக்கிறது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையின் சில மாடல்களிலிருந்துதான் இடம். எட்டாம் தலைமுறையே 2017இன் பிற்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. ஆக, 2016இல் பிள்ளையின் காலேஜ் படிப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய ஐ5 லேப்டாப், இன்றைக்கும் குறையில்லாமல் ஓடினாலும், தகுதி இல்லாதது என்று ஒதுக்கப்படுகிறது. மக்கள் வேறு ஓ.எஸ். பக்கம் திரும்புவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம் இந்தக் கோபம்தான். அது நியாயமான கோபம்.

அடுத்த காரணம் வேகம். இதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். "சிஸ்டம் ஸ்லோ, ஓ.எஸ். மாத்தணும்" என்று கொண்டுவரும் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதில் எந்த ஓ.எஸ். போட்டாலும் திணறத்தான் செய்யும். அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரி நேரத்தில் வேலூரில் வெப்பம் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டுகிறது. பழைய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், விசிறிக்கும் அதை ஒட்டிய செப்புத் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். தூசியைத் துடைத்து, பேஸ்ட் மாற்றி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டாலே பாதிப் பேருக்கு ஓ.எஸ். மாற்றும் எண்ணம் போய்விடும். எனவே எதை மாற்றுவதானாலும் இந்த வேலையை முதலில் முடியுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, எஸ்எஸ்டியும் அதன் பின்னாலேயே ஏறியிருக்கிறது. இருந்தும் புது லேப்டாப்போடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவுதான்.

மூன்றாவது காரணத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் ஓடுவது பல நேரம் திருட்டு விண்டோஸ். ஆக்டிவேட்டர் என்று ஒன்றைப் போட்டு, அது வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கே அது தெரியாது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற நிலைமை அது. அசல் விண்டோஸ் வாங்கக் காசில்லை, திருட்டு விண்டோஸும் வேண்டாம் என்று முடிவெடுத்து லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். பக்கம் வருபவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அப்புறம் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்பது, ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் தலைகாட்டுவது, திரையை அவ்வப்போது படம்பிடித்து வைக்கும் ரீகால் வசதி என்று சில எரிச்சல்கள் இருக்கின்றன. ரீகால் குறிப்பிட்ட புது ரகக் கணினிகளில் மட்டும்தான், அதையும் நாமாக இயக்கினால்தான். அதற்காக மட்டும் ஓ.எஸ். மாற்றத் தேவையில்லை.

இருப்பதிலேயே ஒரு வருடம் இழுப்பது

விண்டோஸ் 10இலேயே இருந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு திட்டம் இருக்கிறது. கணினி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுத்தால் இலவசம். அது வேண்டாம் என்றால் அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000, அதுவும் இல்லாவிட்டால் 30 டாலர்.

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடு, வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இருக்கும் கடை என்று இப்போது கை வைக்கவே முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இது கெடு நீட்டிப்பு, அவ்வளவுதான். அந்தத் தேதி வந்ததும் இதே கேள்விகள் திரும்ப வந்து நிற்கும்.

விண்டோஸ் 11: முதலில் பயாஸைப் பாருங்கள்

லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தைப் பாருங்கள். ஐ5-7200யு என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யு என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, இடம் உண்டு.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தும் "உங்கள் கணினி தகுதியற்றது" என்று வந்தால் புதுசு வாங்க ஓடாதீர்கள். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. டிபிஎம் வசதி பிராசஸருக்குள்ளேயே இருக்கும், பயாஸில் (கணினி ஆன் ஆனதும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் அது இருக்கும். அதை இயக்கி, செக்யூர் பூட்டையும் இயக்கினால் வேலை முடிந்தது. டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறை பழைய எம்பிஆராக இருந்தால் மட்டும் புதிய ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே அதற்குக் கருவி இருக்கிறது, ஆனால் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். ஒரு மணி நேர வேலைக்குப் பதிலாகப் புதுக் கணினியே வாங்கியவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தகுதியில்லாத கணினியிலும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்து விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாம். பலர் ஏற்றியிருக்கிறார்கள், ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்திரப் பெரிய பதிப்பு வரும்போது திரும்பவும் இதே வித்தையைச் செய்ய வேண்டியிருக்கும். கோர் 2 டியோ காலத்துக் கணினி என்றால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது. தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது பரவாயில்லை. அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீட்டுக் கணினியில் இதைச் செய்துவிட்டுப் பெங்களூருக்கு ரயில் ஏறிவிடாதீர்கள்.

லினக்ஸ்: யாருக்கு, எது

வட ஆற்காட்டு வீடுகளுக்கு லினக்ஸ் அப்படியொன்றும் புதிதல்ல. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஓ.எஸ். அது. குடியாத்தம், ஆரணி, வாலாஜா என்று எத்தனையோ வீடுகளில் லேப்டாப்பை ஆன் செய்ததும் அந்தப் பெயர் ஒரு வரியாக வந்து போனது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க யாராவது இருந்திருந்தால் இன்றைக்கு இந்தத் தயக்கமே இருந்திருக்காது.

இன்றைக்கு வீட்டுக்கு என்று கேட்டால் நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. டைம்ஷிஃப்ட் என்று ஒன்று கூடவே வருகிறது. அதை முதல் நாளே இயக்கிவிட்டால், அப்டேட்டில் ஏதாவது கெட்டாலும் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

உபுண்டுவும் நல்லதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகாலப் பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. ஆனால் அதன் முகப்பு விண்டோஸ்போல இருக்காது, பெரியவர்கள் தடுமாறுவார்கள். காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உபுண்டு பொருத்தம். சி, பைத்தான் எல்லாம் ஓரிரு கட்டளையில் தயார், வேலைக்குப் போகிற இடத்தில் சர்வர்களில் பார்க்கப்போவதும் பெரும்பாலும் இந்த வகையைத்தான். விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் ஜோரின் 18 என்ற இன்னொரு லினக்ஸ் வந்தது. பார்க்க அழகாகவும் விண்டோஸ் சாயலிலும் இருக்கிறது, அதையும் முயன்று பார்க்கலாம். பாஸ் லினக்ஸ் நம் ஊர்த் தயாரிப்பு என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வைஃபை வரவில்லை என்று தேடும்போது மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் கிடைக்கிற அளவுக்குப் பதில்கள் அதற்குக் கிடைப்பதில்லை. வீட்டுக்கு அந்த ஒரு விஷயம் பெரிய விஷயம்.

லினக்ஸில் வைரஸ் தொல்லை வீட்டுப் பயனருக்கு மிகக் குறைவு, உரிமக் கட்டணம் கிடையாது, அப்டேட் நடக்கும்போது கணினி நம்மைக் காக்க வைப்பதும் அரிது. மென்பொருள்களைக் கண்ட தளத்திலிருந்து இறக்காமல் அதற்கான ஒரே இடத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், ஜூம், வங்கித் தளங்கள், மின்கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசரிலோ அதற்கான செயலியிலோ நடக்கும்.

பிரவுசர் என்றதும் காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேஜை நினைவுக்கு வருகிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் வங்கதேசத்தவர் நிறைய. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்வது, போட்டோ எடுப்பது, படிவத்தை நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது, இவ்வளவுதான் அந்தக் கணினியின் நாள் முழுக்க வேலை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப். மின்ட் போட்டபின் அங்கே வேலை செய்யும் தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, ஸ்கேனர் ஐகான் எங்க போச்சு?" அதை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொடுத்ததோடு சரி. அந்த மாதிரிக் கணினிக்கு விண்டோஸ் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எங்கே லினக்ஸ் காலை வாரும்

இதைச் சொல்லாமல் லினக்ஸ் போடச் சொல்வது துரோகம். போட்டுவிட்டு ஒரே மாதத்தில் விண்டோஸுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரே ஒரு சாமானால்தான் திரும்பினார்கள்.

முதல் சாமான் பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீட்டு மேஜைகளிலும் கேனான் எல்பிபி 2900 இல்லாத இடம் குறைவு. உழைப்பாளி பிரிண்டர்தான், ஆனால் அது கேப்ட் என்ற தனி மொழியில்தான் கணினியோடு பேசும். லினக்ஸில் அதற்கான டிரைவரை நிறுவுவது பழகாதவருக்குப் பெரும் தலைவலி. ஹெச்பி பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் இருப்பதால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பழைய லேசர்ஜெட் 1020க்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளக்-இன் இறக்க வேண்டும். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்களுக்கு டிரைவர் கிடைக்கிறது.

அடுத்தது கணக்கு. டாலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் மூலம் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி சாயங்காலம் அந்தச் சோதனை யாருக்கும் வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகம், கைரேகைக் கருவி வைத்திருக்கும் இ-சேவை மையம் ஆகியவையும் விண்டோஸிலேயே இருக்கட்டும். கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் சிக்கல் வந்தால் பார்த்துக்கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

டிடிபி எனும் அச்சுப் பக்க வடிவமைப்பு வேலைக்கும் இதே பதில்தான். லாங் பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவர்களின் பிழைப்பே போட்டோஷாப்பும் கோரல் டிராவும் பேஜ்மேக்கரும்தான். இவை எதுவும் லினக்ஸுக்கு வருவதில்லை. கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்று மாற்று இருக்கிறது, புதிதாகக் கற்பவருக்கு அவை போதும். ஆனால் பத்து வருடத்துக் கோரல் கோப்புகளை வைத்திருப்பவரிடம் போய் மாறச் சொல்வது அவருடைய முகூர்த்த சீசனையே கெடுக்கிற யோசனை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது தேர்வு மென்பொருள். உதாரணத்துக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐபேட் ஆகியவற்றுக்கு உண்டு, லினக்ஸுக்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் லினக்ஸுக்கான தனிச் செயலியை நிறுத்திவிட்டது, இப்போது பிரவுசர் வழிதான். விளையாட்டு என்றால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் உள்ளவற்றில் பல லினக்ஸில் ஓடுகின்றன, வேலரன்ட் என்ற விளையாட்டு ஓடாது. விண்டோஸ் 11 தகுதியுள்ள லேப்டாப் வைத்திருக்கும் மாணவர் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் மூலம் அதிலேயே லினக்ஸும் பழகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அவருக்கு அதுதான் சரியான வழி.

தமிழ் எழுதுவது

பலர் லினக்ஸுக்கு வராமல் நிற்பதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை மூன்றுமே கிடைக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எத்தனையோ பேர். அவர்கள் கை பழகிய விசைகளிலேயே யூனிகோடு தமிழ் அடிக்கலாம். நிறுவிய பின் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் விசைப்பலகை பட்டியலில் காட்டாது. "தமிழ் வரல" என்று கைவிடுகிறவர்களில் பலர் நிற்கிற இடம் இதுதான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புகள் வைத்திருந்தால் பயம் வேண்டாம். எழுத்துருக் கோப்பை எடுத்து நிறுவினால் லினக்ஸிலும் அதே மாதிரி தெரியும். சிக்கல் வேறு இடத்தில் வரும். லதா, நிர்மலா யூஐ ஆகிய எழுத்துருக்கள் விண்டோஸுக்கானவை, லினக்ஸில் இருக்காது. வேர்டில் லதாவில் அடித்த மனுவை, லினக்ஸில் அதற்கு இலவச மாற்றான லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் நோட்டோவோ லோகித்தோ என்ற வேறு எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கமாக நீளும். ஒருவருக்கு அனுப்பிவைக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். இருவரும் மாறி மாறித் திருத்த வேண்டிய கோப்பு என்றால் இரண்டு பக்கமும் நோட்டோவை நிறுவிவிடுங்கள், அது இலவசம்தான். எக்செலில் மேக்ரோ எழுதி வைத்திருக்கும் ஆட்களுக்கு மட்டும் லிப்ரே ஆஃபிஸ் போதாது.

மற்ற இரண்டு வழிகள்

பிரவுசரை மையமாகக் கொண்ட கூகுளின் ஓ.எஸ். குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ், அது இலவசம். 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது. இணையம் இருந்தால்தான் அதனால் பெரிய பயன். பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், பாட்டு, செய்தி என்பதோடு முடிகிற வீட்டுக்கு நல்லது. மற்றவர்களுக்கு மின்ட்டில் கிடைப்பது அதிகம்.

மேக் வாங்குவது ஓ.எஸ். மாற்றுவதோடு கணினியையே மாற்றுவது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன, பல வருடம் உழைக்கிறது. ஆனால் டாலிக்காரருக்கு அங்கேயும் அதே கதைதான், பின்னால் ரேம் கூட்டவும் முடியாது. ஒரு விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் பிராசஸர் உள்ள பழைய மேக்கை வாங்காதீர்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. விண்டோஸ் 10 கதையை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

எதையும் அழிப்பதற்கு முன்

லினக்ஸை நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, அதிலிருந்து பூட் செய்து, ஒரு சாயங்காலம் முழுக்கப் பயன்படுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கை அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, திரை வெளிச்சம் கூட்டுகிற விசை, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரைக் கட்டாயம் இணைத்து ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். வீட்டில் யார் அதிகம் பயன்படுத்துகிறார்களோ அவர்களையே உட்கார வையுங்கள். பையன் பார்த்து ஓகே சொல்லிவிட்டு, பிறகு அம்மா அவதிப்படுவது நடக்கக் கூடாது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம், இல்லாவிட்டால் கோப்புகள் போனது போனதுதான். இன்னொரு சின்ன விஷயம்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் நம் ஊர் நேரத்தை வைக்கிறது. பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பி மாற்றிவிடாதீர்கள், லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகும்.

போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கும்போது டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் சேர்த்து எடுங்கள். குடும்பப் படங்கள் பாதி அங்கேதான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்க வேண்டாம். அசல் விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்குத் திரும்பி வரும் வழியும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த பிராண்டட் லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பின்னால் என்றைக்கு அதே பதிப்பைத் திரும்ப நிறுவினாலும், சாவி கேட்காமல் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.